ஒரு படி தாழ்வு

உட்காருங்க தம்பி. டேப்பை அப்புறம் பிரிக்கலாம், வீடு எங்கேயும் ஓடிடாது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க, நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. டீ பேப்பர் கப்புலதான் தர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கழுவி வைக்க ஆள் இல்லாத வீடு.

எந்த ஊர்னு சொன்னீங்க? மதுராந்தகம் பக்கமா. அங்க எந்தத் தெரு? சரி, சரி. சும்மாதான் கேட்டேன். எனக்கு அந்த மாதிரி எல்லாம் கிடையாது. முப்பத்தொரு வருஷம் கம்பெனியில ஸ்டோர் கீப்பரா இருந்தவன். நூறு விதமான ஆளுங்களோட பழகியாச்சு.

முன்வீட்டைப் பத்திக் கேக்குறீங்களா? அதை ஏற்கெனவே தூக்கியாச்சு. ஏழரை வருஷம் ஆகுது. உங்களை மாதிரியே ஒரு கம்பெனி. வீட்டுக்கு அடியில நூத்தி நாற்பது ஜாக்கி வெச்சாங்க. விசில் அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல ஒரு திருகு. நான் உள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிச்சேன். அலமாரியில இருந்த தம்ளர்கூட அசையலை. மூணு அடி.

இப்ப நீங்க தூக்க வேண்டியது பின்வீட்டை. எவ்வளவு தூக்கணும்கிறதுலதான் தகராறு. மூணரை அடின்னு என் மகன் சொல்றான். மூணு அடி போதும்கிறது என் கணக்கு. மூணரை அடி தூக்கி முன்வீட்டுக்குச் சரிமட்டமா நிறுத்தினா அவன் பெண்டாட்டி பிள்ளையோட திரும்பி வருவான். இல்லைன்னா வரமாட்டான். அந்த அரை அடிக்காகத்தான் உங்களை உட்கார வெச்சிருக்கேன். விஷயத்தைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யார் பேச்சுல நியாயம் இருக்குன்னு.

நாங்க இந்த மனையை வாங்கினப்ப இங்க தெருவே கிடையாது. ஒரு கிரவுண்டு. முன்னால வீட்டைக் கட்டினது போக, பின்னால சும்மா கிடந்தது இடம். துணி துவைக்கிற கல்லு, ஒரு கறிவேப்பிலைச் செடி, அவ்வளவுதான். அப்புறம் தெருவுல ஒவ்வொருத்தரா பின்னால ஒரு போர்ஷன் எழுப்ப ஆரம்பிச்சாங்க. சிலர் வாடகைக்கு, சிலர் வயசான அப்பா அம்மாவுக்கு. நான் அதுக்கெல்லாம் கட்டலை. மகனுக்காகக் கட்டினேன். ஊர்ல எத்தனை அப்பன் அப்படிச் செய்வான்?

மகேந்திரன் காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டான். பெண் பேர் செல்வராணி. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பரிசோதனை பண்ற வேலை. அவங்க அப்பா நகராட்சியில குப்பை லாரி ஓட்டினவர். அவங்க ஆளுங்க வேற. நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. எங்க அண்ணன் தம்பிங்க எல்லாம் ‘தலை முழுகிடு’ன்னு சொன்னாங்க. நான் முழுகலை. மகனைக் கூப்பிட்டேன். "வேற எங்கேயும் போக வேண்டாம். பின்னால உனக்குன்னு தனி வீடு கட்டித் தர்றேன். தனிச் சமையல்கட்டு, தனி பாத்ரூம், தனி வாசல். உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி"ன்னேன். அவன் என்னையே பார்த்தான். "முன்வீட்டுல மூணு ரூம் இருக்கேப்பா"ன்னான். "சின்னஞ்சிறுசுங்க தனியா இருக்கணும்"னு சொன்னேன். தப்பா?

என் வீட்டம்மா பூங்கோதைக்குத்தான் அது பிடிக்கலை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "கல்யாணம் ஆன பிள்ளையைக் கொல்லைக்கு அனுப்புற முதல் தகப்பன் நீங்கதான்"னாள். "கொல்லை இல்லைடி, வீடு"ன்னேன். "கட்டுங்க, கட்டுங்க. நானும் அங்கேயே போய்ச் சமைச்சுக்கறேன், இங்க நீங்க சாமியோட பேசிக்கிட்டு இருங்க"ன்னாள். அவ பேச்சு அப்படித்தான்.

மேஸ்திரி பேர் ஏழுமலை. நல்ல கைவேலைக்காரர். கடகால் தோண்டினப்ப அவர் சொன்னார்: "சார், ரோடு வருஷா வருஷம் ஏறுது. தண்ணி பின்மனைப் பக்கமா வரும். முன்வீட்டைவிட ரெண்டு அடி உசத்திக் கட்டிடுவோம்." எனக்குப் பகீர்னுச்சு. பின்வீடு முன்வீட்டைவிட உசரலாமா? நான் எட்டாவதோட படிப்பை நிறுத்தினவன், மத்ததெல்லாம் நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் நடைபாதையில ஒரு மனையடி சாஸ்திரப் புத்தகம் வாங்கியிருந்தேன். அதுல தெளிவா இருக்கு. பின்வீட்டுத் தளம் முன்வீட்டுத் தளத்தைவிட ஒரு படியாவது தாழ்ந்திருக்கணும். இல்லைன்னா முன்வீட்டுக்காரன் தாழ்ந்து போவான். அப்புறம் ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் தேடினேன், கண்ணுல படலை. ஆனா எழுதியிருந்தது.

"ரெண்டு அடி வேண்டாம், ஒரு படி இறக்கிக் கட்டுங்க"ன்னேன். ஏழுமலை தலையைச் சொறிஞ்சார். "தண்ணி பள்ளத்தைத்தான் பார்க்கும் சார், சாஸ்திரம் பார்க்காது"ன்னார். "நீங்க உங்க வேலையைப் பாருங்க"ன்னுட்டேன். ஒரு படி. ஆறு அங்குலம். கண்ணுக்குக்கூடத் தெரியாது.

நல்லாத்தான் இருந்தாங்க. செல்வராணி சத்தமில்லாத பொண்ணு. காலையில டூட்டிக்குப் போறப்ப பக்கத்துச் சந்து வழியாப் போகும். சாயங்காலம் அதே வழியா வரும். முன்வீட்டு வாசல்ல என்னைப் பார்த்தா நின்னு, "சாப்பிட்டீங்களா மாமா"ன்னு கேக்கும். "ஆச்சும்மா"ன்னு சொல்லுவேன். ஒரு மனஸ்தாபம் கிடையாது. ரெண்டு வருஷத்துல யாழினி பிறந்தாள். பூங்கோதை சொன்னபடியே செஞ்சாள். காலையில எனக்கு டிபனை மூடி வெச்சுட்டு, சமையல்கட்டுப் பின்கதவு வழியா இறங்கி அங்க போயிடுவாள். குழந்தையைப் பார்த்துக்கணுமே, அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க.

குழந்தை முன்வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு நான் சொன்னதே இல்லை. வாசல் வரைக்கும் வரும், விளையாடும், போகும். நான் பிஸ்கட் வாங்கி வெச்சிருப்பேன்.

இதுக்குள்ள ரோட்டை ரெண்டு தடவை போட்டுட்டாங்க. பழசைச் சுரண்டாம மேலேயே போட்டா என்ன ஆகும்? மழைத் தண்ணி என் ஹாலுக்குள்ள வந்துடுச்சு. கட்டில் கால் நனையுது. அப்பத்தான் வீட்டைத் தூக்க ஏற்பாடு பண்ணினேன். மகேந்திரன், "அப்பா, ரெண்டையும் சேர்த்துத் தூக்கிடலாம், ஆளுங்க வந்திருக்காங்க"ன்னான். நான் யோசிச்சேன். தெருவுல இருந்து வர்ற தண்ணி பின்வீட்டுக்குப் போகணும்னா என் வீட்டைத் தாண்டித்தான் போகணும். என் வீடு உசந்து நின்னா அதுவே ஒரு கரை மாதிரி. அவங்களுக்குப் பாதுகாப்புத்தானே? "முன்னது முதல்ல, பின்னது பின்னால"ன்னு சொன்னேன். பூங்கோதை சிரிச்சாள். "உங்க அப்பாவுக்கு ஒரு படி பத்தலைடா மகேந்திரா, ஏழு படி வேணுமாம்"னாள்.

அந்தக் கதவைத்தானே பார்க்குறீங்க? வந்ததுல இருந்து பார்க்குறீங்க. அதுதான் சமையல்கட்டுப் பின்கதவு. வீட்டைத் தூக்கினப்ப கதவும் கூட மேல போயிடுச்சு, பழைய படி ரெண்டும் கீழேயே நின்னுடுச்சு. முற்றத்துல நின்னா வாசக்கால் அடிக்கட்டை நெஞ்சுக்கு வரும். புதுசாப் படி கட்டணும்னு பூங்கோதை தினமும் சொன்னாள். எனக்கு முட்டி வலின்னாள், சந்து வழியாச் சுத்திப் போக முடியலைன்னாள். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ரெண்டு நாள் ஏறிப் பார்த்தாள், விழப் பார்த்தாள். நான் கட்டறேன், கட்டறேன்னுதான் சொன்னேன். படியை வெச்சுட்டா அந்த வீடும் இந்த வீடும் ஒண்ணாயிடுமேன்னு ஒரு யோசனை. இல்லை, தப்பாச் சொல்லலை. சமையல்கட்டுலதான் சாமி அலமாரி இருக்கு. போக வர ஒரு ஒழுங்கு வேணும் இல்லையா? அதனால எல்லாரும் பக்கத்துச் சந்து வழியாவே போய் வந்தாங்க. சந்துக்கு முன்பக்கமா ஒரு கிரில் கதவு, பூட்டு என் பக்கம். திருட்டுப் பயம்.

அந்த வருஷம் மழை பெஞ்சதே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு நாள் விடாமப் பெஞ்சுது. மகேந்திரன் முதல் ஷிப்டுக்குப் போயிட்டான். செல்வராணி ஆஸ்பத்திரியில மாட்டிக்கிட்டாள். பின்வீட்டுல பூங்கோதையும் குழந்தையும். காலையில பத்து மணி இருக்கும். எங்க வாசல்ல கணுக்கால் தண்ணிதான். எனக்குப் பெருமையா இருந்தது, தெருவுல எல்லார் வீட்டுக்குள்ளேயும் தண்ணி, என் வீட்டுல ஒரு சொட்டு இல்லை. அப்பத்தான் பின்னால, "என்னங்க"ன்னு சத்தம்.

பின்கதவைத் திறந்தேன். முற்றம் பூராத் தண்ணி. பின்னால இருக்கிற ஏரி நிரம்பி, தண்ணி பின்மனை வழியா வந்திருக்கு, நான் எதிர்பார்க்காத பக்கம். பூங்கோதை பழைய படி மேல நிக்கிறாள். இடுப்புக்கு மேல தண்ணி. குழந்தையைத் தோள்ல வெச்சிருக்கிறாள். "இதைப் பிடிங்க"ன்னாள்.

நான் சொன்னேன், "பக்கமா வா, நான் கிரில்லைத் திறக்கிறேன்."

சரியாத்தான் சொன்னேன் தம்பி. நெஞ்சு உசரம் இருக்கிற வாசக்கால்ல முட்டி வலிக்காரி எப்படி ஏறுவாள்? அவளுக்காகத்தான் சொன்னேன். "குழந்தையை மட்டுமாவது பிடிங்களேன்"னு மறுபடி சொன்னாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க, அஞ்சு நிமிஷம்"னு சொல்லிட்டு நான் முன்பக்கம் ஓடினேன். சாமி அலமாரி அந்தக் கதவுக்கு நேரா இருக்கு, அதுக்காகன்னு நினைச்சுடாதீங்க. அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? வந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்காக இல்லை.

கிரில் சாவி ஹால்ல ஆணியில தொங்குது. எடுத்தேன். பூட்டு அடித்தாழ்ப்பாள்ல, தண்ணிக்குள்ள. குனிஞ்சு தடவித் திறந்தேன். கதவு உள்பக்கமாத் தள்ளித் திறக்கிற கதவு. அந்தப் பக்கம் தண்ணி நிக்கிறப்ப எப்படித் திறக்கும்? தோளைக் குடுத்துத் தள்ளுறேன், அசையலை. "பூங்கோதை, வந்துட்டியா"ன்னு கத்துறேன். அப்ப பின்னால பெரிய சத்தம். பின்மனை மதில் மொத்தமா விழுந்துடுச்சு. கிரில் மேல தண்ணி வந்து மோதி என்னை வாசல்ல தள்ளிருச்சு.

எழுந்து மறுபடி வீட்டுக்குள்ள ஓடி, சமையல்கட்டுக்குப் போனேன். அரிசிப் பானை பக்கத்துல குழந்தை உட்கார்ந்திருந்தாள். சொட்டச் சொட்ட நனைஞ்சு, ஒரு சத்தம் இல்லாம. பூங்கோதையே தூக்கி உள்ளே போட்டிருக்கிறாள். வெளியில எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மட்டும் மிதந்துக்கிட்டு இருந்தது.

குழந்தை சமையல்கட்டுல இருந்ததைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. என் துண்டை எடுத்துத் துடைச்சேன். ஹாலுக்குத் தூக்கிட்டு வந்து உட்கார வெச்சேன். அன்னிக்கு முழுக்க ஹால்லதான் இருந்தாள். நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலை.

மறுநாள் தண்ணி வடிஞ்சப்ப துவைக்கிற கல்லுகிட்ட இருந்தாள் பூங்கோதை.

மகேந்திரன் அழுதானா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை. காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டான். "யாழினி எப்படிப்பா சமையல்கட்டுக்கு வந்தா?" "உங்க அம்மா ஏத்தி விட்டிருக்கா"ன்னேன். "நீங்க எங்க இருந்தீங்க?" "கிரில்லைத் திறந்துக்கிட்டு இருந்தேன்." அவன் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தான். நீங்க இப்பப் பார்த்தீங்களே, அதே மாதிரி. அந்த வாரமே சாமானை ஏத்திக்கிட்டுச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குப் போயிட்டான். என்ன கோபமோ. மழைக்கு நானா பொறுப்பு? தெருவுல எத்தனை பேர் வீட்டுல என்னென்ன போச்சு.

ஏழு வருஷம். பின்வீட்டை வாடகைக்குக் கேட்டு நிறையப் பேர் வந்தாங்க. சுவத்துல தண்ணி நின்ன கோட்டைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. நானும் வெள்ளையடிக்கலை.

போன ஆடியில எனக்கு டெங்கு. மூணு நாள் கிடந்திருக்கேன், பேப்பர் போடுறவன் பார்த்துட்டு மகனுக்குப் போன் பண்ணியிருக்கான். வந்தது யார் தெரியுமா? செல்வராணி. லீவு போட்டுட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், அப்புறம் இங்கேயே அஞ்சு நாள் இருந்து கஞ்சி வெச்சுக் குடுத்தாள். அந்தச் சமையல்கட்டுலதான் வெச்சாள். நான் படுக்கையில கிடக்கிறேன், என்ன சொல்ல முடியும்? ஒரு நாள் கேட்டாள், "ஏன் மாமா, இந்தக் கதவுக்கு இன்னும் படி வைக்கலையா?" நான் கண்ணை மூடிக்கிட்டேன். நல்ல பொண்ணு. நான் எல்லார்கிட்டேயும் சொல்லுவேன், நல்ல பொண்ணுன்னு. அவள் போன பிறகு வீட்டைத் தண்ணி ஊத்திக் கழுவினேன். காய்ச்சல் வந்த வீடு, கழுவித்தானே ஆகணும்.

அவள்தான் மகேந்திரன்கிட்ட சொல்லியிருக்கிறாள், பெரியவர் தனியா இருக்கார், இனிமே விடக் கூடாதுன்னு. அவன் எனக்குப் போன் பண்ணினான். ஏழு வருஷத்துல அவனா பண்ணின முதல் போன். நல்லா இருக்கீங்களான்னு கேக்கலை. "பின்வீட்டை முன்வீட்டு மட்டத்துக்குத் தூக்குங்க. நடுவுல முற்றத்துல தளம் போட்டு ரெண்டையும் சேருங்க. அந்தக் கதவுல இருந்து எங்க கதவு வரைக்கும் ஒரு படி இருக்கக் கூடாது, ஏறவும் இறங்கவும். யாழினி ஓடணும். நான் ரசமட்டம் வெச்சுப் பார்த்துட்டுத்தான் சாமான் இறக்குவேன்"னான். அவன் பிட்டர் வேலை பார்க்கிறவன். பார்ப்பான்.

குழந்தைக்கு இப்பப் பத்து வயசு. போன்ல பேசினாள். "தாத்தா, நான் உங்க வீட்டுல எந்த ரூம்ல படிக்கலாம்?"னு கேட்டாள். எனக்கு எழுபத்திமூணு வயசாகுது தம்பி. சாயங்காலம் ஆனா டிவியைச் சத்தமா வெச்சுக்கறேன், யாராவது பேசற மாதிரி இருக்கட்டும்னு. அவங்க வரணும். வந்தே ஆகணும். நான் அதுல பின்வாங்கலை.

ஆனா ஒரு படி. அவ்வளவுதான் நான் கேக்குறது. எல்லாத்துலேயும் விட்டுக் குடுத்துட்டேன், தளம் போடச் சொல்றான், சரி. கதவைத் திறந்தே வைக்கச் சொல்றான், சரி. பெரியவங்க வெச்சுட்டுப் போன ஒரு முறைக்கு ஆறு அங்குலம் விடக் கூடாதா? நீங்க சொல்லுங்க.

முடியாதா? மகன் சொன்ன அளவுக்குத்தான் தூக்குவீங்களா? அவனா உங்ககிட்டப் பேசினான்? ஓ, முன்னாடியே பேசிட்டானா.

சரி, ஆறு அங்குலம் வேண்டாம். ரெண்டு அங்குலம்? அதுவும் கண்ணுக்குத் தெரிஞ்சிடுமா. ஒரு அங்குலம்? ரசமட்டத்துல குமிழி ஓரமாப் போயிடுமா. அரை? கேக்குறேன், தப்பில்லையே. நீங்க எத்தனை வீடு தூக்கியிருப்பீங்க, உங்களுக்குத் தெரியாத வித்தையா? ஒரு நூல், தம்பி. ஒரே ஒரு நூல். கொத்தனாருங்க சொல்ற கணக்குல எட்டுல ஒரு பங்கு அங்குலம். அதைக்கூடவா அவன் கண்டுபிடிப்பான்?

கண்டுபிடிப்பான். ம்.

சரி விடுங்க. மூணரை அடியே தூக்குங்க. ஒரு நூல்கூடக் குறைய வேண்டாம், சரிமட்டமாவே நிறுத்துங்க. அவன் வரட்டும், ரசமட்டம் வெச்சுப் பார்க்கட்டும். சாமானை இறக்கட்டும். பால் காய்ச்சட்டும். குழந்தையைப் பக்கத்து ஸ்கூல்ல சேர்க்கட்டும். அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மாசம் கழிச்சு, முன்வீட்டுத் தரை பழசாயிடுச்சுன்னு நான் டைல்ஸ் போடுறேன். சமையல்கட்டுல இருந்து ஹால் வரைக்கும், பழைய தரையைப் பேர்க்காம மேலேயே. ரோடு போடறவன் போடலையா? என் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போட நான் யாரைக் கேக்கணும்?

கலவையும் டைல்ஸும் சேர்ந்தா எத்தனை கனம் வரும்? ஒண்ணரை அங்குலம் வருமா? போதும். தாராளமாப் போதும்.

என்ன கேக்குறீங்க? குழந்தை ஓடி வர்றப்பக் கதவுல கால் தடுக்காதான்னா?

தடுக்கும். ஒரு தடவை தடுக்கும், ரெண்டு தடவை தடுக்கும். அப்புறம் பழகிக்குவாள்.